நல்வினையால் கூடும் ஊர்



திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று நம்முடன் சேர்ந்த குடும்பங்களில், சேர்ந்த மறு ஆண்டே ஒரு கேள்வி எழுவதைக் காண்கின்றோம். ‘சாதிக் கட்டை அறுத்து வெளியே வந்துவிட்டோம், நல்லதுதான். ஆனால் வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் உடனிருந்து கண்விழிக்க யார் வருவார்? பெண்ணுக்கு மணம் பேச யார் முன் நிற்பார்? இறந்தால் தோள் கொடுக்க நால்வர் கிடைப்பாரா?’ என்பதே அக்கேள்வி. இதனை மனவலிமையற்றோர் பேச்சென்று தள்ளிவிடலாகாது. பழைய கட்டு கொடியது. எனினும் நல்லதற்கும் கெட்டதற்கும் ஆள் சேர்க்கும் கட்டாகவும் அது இருந்தது. அதை அறுத்தவர்க்கு வேறொரு கட்டு வேண்டும். அக்கட்டு பிறப்பினால் அமையாது. சேர்ந்து செய்யும் நல்வினையால் மட்டுமே அமையும். அஃது எவ்வாறு அமைகின்றது, எவ்வாறு கெடுகின்றது என்பதே இம்மாதப் பாடம்.

நம் ஊர் பிறந்த வரலாறு

நாம் வாழும் பிரேசர் டவுன் ஏன் உண்டாயிற்று என்பதை முதலில் நினைவு கொள்வோம். 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெங்களூருக்குள் பிளேக் நோய் புகுந்தது. நெருக்கமான தெருக்களில், காற்றும் வெளிச்சமும் அறியாத வீடுகளில் அது பரவிற்று. மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடினர். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அந்நோயைக் கடத்துகின்றது என்று சிமோண்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்ததும் அதே 1898ஆம் ஆண்டில்தான். பின்னர், கண்டோன்மெண்டின் நெரிசலைக் குறைத்து, நோய் அண்டாத குடியிருப்பொன்றை அமைக்கும் நோக்கத்துடன் எழுந்ததே இவ்வூர். மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசர் என்பாரின் பெயரை 1910ஆம் ஆண்டளவில் அது பெற்றது. இன்று புலிகேசி நகர் என்பது அதன் மறுபெயர். ஜே. எச். ஸ்டீபன்ஸ் என்னும் பொறியாளர், பிளேக் அண்டாத நகரமைப்பைப் பற்றி 1914இல் ஒரு நூலே எழுதினார். காற்றோட்டம், எலி புகாத தரை, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி என்பனவே அவ்வமைப்பின் அடிப்படைகள்.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. எலி, சுவரை மதிப்பதில்லை. இன்னார் வீடு, இன்ன சாதி என்று கேட்பதுமில்லை. தன் வீட்டை மட்டும் மெழுகித் துடைத்துவிட்டு அடுத்த வீட்டைக் கைவிட்டவன், தன் வீட்டையும் காத்துக்கொள்ளவில்லை. நலம் என்பது தெரு முழுவதற்கும் உரியது. தனித்தனியே பங்கிட்டு எடுத்துப் போகக்கூடியதன்று.

ஆயினும் பொறியாளர் தெருவை அமைப்பார். தெருவில் வாழ்வோர்க்குள் உறவை அமைக்க அவரால் ஆகாது. அது தெருவாசிகள் தாமே செய்ய வேண்டிய வேலை. அவ்வேலைக்கு வழிகாட்டிய ஒருவரும் அந்த 1898ஆம் ஆண்டிலேயே நமக்குக் கிடைத்தார். பண்டித அயோத்திதாசர் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அவர் வெறும் நூலறிஞர் அல்லர். நோயாளியின் நாடி பார்த்து மருந்து கொடுத்த சித்த மருத்துவர். 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அச்சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் முதலிய இடங்களில் வேரூன்றின. பூமிக்கடியில் இறங்கிப் பாறை உடைத்தவர்களும் அவர்கள் குடும்பத்தாருமே அவற்றைத் தாங்கினர். 1914இல் பண்டிதர் மறைந்த பின்பு, 1926 முதல் ‘தமிழன்’ இதழ் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து வெளிவந்தது. செல்வர் தயவில் அன்று, உழைப்பாளிகளின் கூட்டுறவில் ஒரு சங்கம் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஓர் அடி நிலத்திலிருந்து தொடங்கியவர்

இனி, நல்வினையால் ஊர் கூடுவது எப்படி என்பதற்குப் பௌத்த நூல்கள் கூறும் கதையொன்றைக் காண்போம். மகத நாட்டில் மசலம் என்னும் சிற்றூரில் மகன் என்ற பெயருடைய இளைஞர் இருந்தார். ஊர்க் காரியம் நடக்கும் வெளியில் தாம் நிற்கும் சிறிதளவு இடத்தைக் காலால் தள்ளிச் சுத்தம் செய்தார். வேறொருவன் வந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டான். அவர் சினக்கவில்லை, அடுத்த இடத்தைச் சுத்தம் செய்தார். அதையும் இன்னொருவன் பிடித்தான். அவர் மூன்றாவது இடத்துக்குப் போனார். இப்படியே அவ்வெளி முழுவதும் சுத்தமாயிற்று.

இக்கதையில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம் இதுவே. ‘என் உழைப்பை இவன் அனுபவிக்கின்றானே’ என்று அவர் அங்கேயே நின்றிருந்தால், ஓர் அடி நிலத்துக்கு ஒரு சண்டை மிஞ்சியிருக்கும். பிறர் நலமுற்றனர் என்பதையே தம் ஊதியமாக அவர் கொண்டமையால் ஊர்வெளி முழுவதும் விளைந்தது. பிறகு அவர் பாதையைச் செப்பனிடத் தொடங்கினார். பார்த்தவர் ஒருவர் உடன் சேர்ந்தார்; பின்பு இன்னொருவர்; இறுதியில் அவரோடு முப்பத்து மூவர் ஆயினர். பாதை சமன் செய்தனர், பாலம் கட்டினர், குளம் வெட்டினர், வழிப்போக்கர்க்குச் சாவடி எழுப்பினர். இவர்களுள் எவரும் மேடையேறி ஆள் சேர்த்ததாகக் கதை கூறவில்லை. வேலையே ஆளைச் சேர்த்தது.

ஊர்த்தலைவனுக்கு இது பொறுக்கவில்லை. ஊரார் குடித்துக் கலகம் செய்தால் அவனுக்கு வருமானம். அவர்கள் திருந்தியதும் வருமானம் நின்றது. அவன் அரசனிடம் சென்று இவர்களைக் கள்வர் என்று கோள் சொன்னான். யானையை விட்டு மிதிக்கச் செய்யுமாறு அரசன் ஆணையிட்டான். அப்போது மகன் தம் தோழர்களுக்குச் சொன்னது ஒன்றே: கோள் சொன்னவனிடமும், அரசனிடமும், யானையிடமும், தம்மிடமும் ஒரே அளவான அன்பு வைக்க வேண்டும் என்பது. யானை அவர்களை அண்டவில்லை என்று கதை முடிகின்றது. யானை அண்டாததை நம்பினாலும் நம்பாவிட்டாலும், நல்லது செய்பவர்க்குப் பகை உண்டாகும் என்பதும், அப்பகையைப் பகையால் வெல்ல இயலாது என்பதும் நாம் அன்றாடம் காணும் உண்மைகள்.

இதே கதையில் இன்னொரு பகுதி உண்டு. சாவடி கட்டும் புண்ணியத்தில் பெண்களுக்குப் பங்கில்லை என்று அவ்விளைஞர்கள் முடிவு செய்தனர். சுதர்மை என்னும் பெண் தச்சனோடு கலந்து, நன்கு உலர்ந்த மரத்தில் சிகரமொன்றை முன்னதாகவே செய்வித்து வைத்துக்கொண்டார். சாவடி முடியும் வேளையில் சிகரத்துக்கு உலர்ந்த மரம் அகப்படவில்லை. சுதர்மையின் சிகரத்தை ஏற்காமல் கட்டடம் முடியாது என்றாயிற்று; ஏற்றனர். பெண்களைப் புறத்தே நிறுத்திய எந்தச் சாவடியும் சிகரமற்ற சாவடியே என்பதை நம் சங்கத்தார் மனத்திற் கொள்வாராக. வெசாக் நாளில் கஞ்சி காய்ச்சுவதற்கு மட்டும் சகோதரிகளை அழைத்து, கணக்கு வழக்குப் பேசும்போது அவர்களை மறந்துவிடுவது அறமாகாது.

சேர்த்துப் பிடிக்கும் நான்கு

ஒரு கூட்டத்தைச் சிதறாமல் சேர்த்துப் பிடிப்பவை நான்கு என்று பகவன் புத்தர் அருளினார். பாலியில் அவற்றுக்குச் சங்கஹ வத்து என்று பெயர். அவையாவன: ஈகை, இன்சொல், பிறர்க்குப் பயன்படும் செயல், எவரோடும் சமமாய் நிற்றல். ஓடும் தேருக்குக் கடையாணி எப்படியோ, உலக வாழ்வுக்கு இவை அப்படி என்பது அவர் காட்டிய உவமை.

ஆளவி நகரத்து அத்தகர் என்னும் உபாசகர், ஐந்நூறு பேர் சூழப் பகவனிடம் வந்தார். இவ்வளவு பெரிய கூட்டத்தை எவ்வாறு ஒன்றாக வைத்திருக்கின்றாய் என்று பகவன் வினவ, இந்நான்கினால் என்று அவர் விடையளித்தார். அத்துடன் மறைக்காமல் ஒன்றும் சேர்த்துச் சொன்னார்: தம் குடும்பம் செல்வமுடையது, ஏழை சொல்வதை மக்கள் இவ்வளவு கேட்கமாட்டார்கள் என்று. அத்தகரின் நேர்மையைப் போற்ற வேண்டும். ஆனால் நாமோ செல்வர் அல்லோம். ஆகவே நமக்கு வழியில்லையா? உண்டு. நான்கையும் எண்ணிப் பாருங்கள். ஈகை ஒன்றுக்கே பொருள் வேண்டும். இன்சொல்லுக்குக் காசு வேண்டா. உடல் கொண்டு உதவுவதற்குக் காசு வேண்டா. சமமாய் உட்காருவதற்குக் காசு வேண்டா. ஈகைக்கு வேண்டிய பொருளையும் ஒருவர் கையிலிருந்து எதிர்பாராமல், பலர் கையிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஈகையைப் பற்றி ஒரு சொல். கொடுத்தோம் என்பதோடு கடமை முடிவதில்லை. கொடுத்தது உதவிற்றா என்று பார்க்க வேண்டும். ஆராய்ந்து கொடுப்பதைப் பகவன் புகழ்ந்திருக்கின்றார். ஒரு மாணவனுக்கு வேண்டுவது பாடநூலா, மாலையில் இருந்து படிக்க ஓர் அமைதியான இடமா என்று கேளாமலே நூறு குறிப்பேடுகளை வாங்கிக் குவிப்பது நம் மகிழ்ச்சிக்காகச் செய்ததாகுமேயன்றி அவன் நன்மைக்காகச் செய்ததாகாது. கேட்டுக் கொடுங்கள், கொடுத்த பின் மறுபடியும் சென்று கேளுங்கள், பயன்படவில்லையெனில் வழியை மாற்றுங்கள்.

நான்கினுள் கடினமானது நான்காவது. ஈபவன் மேலே, ஏற்பவன் கீழே என்று நின்றால், அங்கே கொடை நடக்கும், கூட்டம் உண்டாகாது. காலமெல்லாம் கையேந்தியே நிற்குமாறு வைக்கப்பட்ட நம்மவர் அந்த நிலையின் கசப்பை நன்கறிவர். அதே நிலையை நம் சங்கத்துக்குள் நாமே படைக்கலாகாது. ஆகவே இன்று உதவி பெற்றவர்க்கும் நாளை ஒரு முறை கொடுங்கள். அரிசி வாங்கிய பாட்டியார், பிள்ளைகளுக்கு மாலையில் கதை சொல்லலாம். மருந்துக்குப் பணம் பெற்றவர், உடல் தேறியபின் இன்னொரு நோயாளிக்கு ஓர் இரவு துணையிருக்கலாம். பெறுவோரும் தருவோரும் மாறி மாறி நிற்கும் இடத்தில்தான் சமம் உண்டு.

நோயுற்றவர் அருகே

வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவன் கண்டார். தாமே நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவ, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். மற்றப் பிக்குகள் ஏன் இவரைக் கவனிக்கவில்லை என்று கேட்டபோது, அவரால் மற்றவர்க்கு யாதொரு பயனும் இல்லை என்பதே காரணமாய்க் கிடைத்தது. அப்போது பகவன், தாய் தந்தையரை விட்டு வந்த நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவர் என்று கேட்டு, நோயாளிக்குச் செய்யும் தொண்டு தமக்கே செய்யும் தொண்டென்று உணர்த்தினார்.

இப்பாடத்தின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இதுவே. பழைய உறவை விட்டு வந்தவர்களை நோக்கிச் சொல்லப்பட்ட சொல் இது. பௌரிங் மருத்துவமனைக் கட்டிலில் நம் அன்பர் ஒருவர் படுத்திருக்க, சங்கத்திலிருந்து எவரும் போகவில்லையெனில், அன்று நாம் ஓதிய சூத்திரத்துக்குப் பொருளில்லை. பயன் தருபவரை மட்டும் பேணுவது வாணிகம். பயன் தர இயலாதவரைப் பேணுவதே சங்கம்.

கூட்டம் கெடும் வழி

வஜ்ஜியர் அடிக்கடி கூடுகின்றனர், ஒற்றுமையாய்க் கூடி ஒற்றுமையாய்க் கலைகின்றனர். அவ்வாறு இருக்கும்வரை அவர்கட்குத் தாழ்வில்லை என்று பகவன் கூறினார். அவர்களை வெல்லக் கருதிய அஜாதசத்துரு, வஸ்ஸகாரன் என்னும் அமைச்சனை அனுப்பினான். அவன் செய்தது என்ன? ஒருவனைத் தனியே அழைத்து, ‘இன்று என்ன உண்டாய்?’ என்பது போன்ற அற்பக் கேள்வியொன்றைக் கேட்பான். அவன் திரும்பியதும் மற்றவர்கள், ‘என்ன பேசினீர்?’ என்பர். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள். இவ்வளவு சிறிய பேச்சுக்கா தனியே அழைத்தான் என்று ஐயுறுவர். மூன்றாண்டு இப்படியே சென்றது. பின்பு போர் முரசு அறைந்தபோது ஒருவரும் கூடவில்லை. வாளால் வீழாத வஜ்ஜியர் கிசுகிசுப்பால் வீழ்ந்தனர் என்று உரைநூல் கூறும்.

நம் சங்கங்களுக்கும் இதுவே ஆபத்து. ஆகையால், இல்லாத ஒருவரைப் பற்றிக் குறை கூறப்படுமாயின், ‘அவரிடமே சொல்லுவோம், வாருங்கள்’ என்று சொல்லும் பழக்கம் வேண்டும். பணக்கணக்கு ஒருவர் பெட்டியில் உறங்கலாகாது. மாதந்தோறும் அனைவர் முன்னும் உரக்கப் படிக்கப்பட வேண்டும். யாம் அறிந்த சங்கமொன்று, ஏடும் சாவியும் முத்திரையும் ஒரே நல்லவரிடம் இருந்தமையால், அவர் கண்மூடிய அன்றே தானும் கண்மூடிற்று. அவரிடம் குற்றம் ஏதுமில்லை. எல்லாச் சுமையையும் அவர் தோளில் ஏற்றிவிட்டு மற்றவர் கைகட்டி நின்றதே குற்றம்.

யாம் நூற்பாலையில் பல்லாண்டு உழைத்தோம். ஆயிரக்கணக்கான இழைகள் ஓடும் அவ்விடத்தில் இழை அறுவது அதிசயமன்று. நிமிடத்துக்கு நிமிடம் அறும. அறுந்ததைக் கண்டவுடன் விரலால் எடுத்துச் சேர்ப்பதே தொழில். அறுந்ததற்கு யார் காரணம் என்று வழக்குப் பேசிக்கொண்டிருந்தால் அதற்குள் பத்து இழைகள் அறுந்துவிடும். இன்னொன்றும் உண்டு. எவ்வளவு திறமையான தொழிலாளியாயினும் ஷிப்டு முடிந்ததும் இயந்திரத்தைத் துடைத்து அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். மூன்று ஷிப்டும் ஒருவனே நின்றால் நூலும் கெடும், ஆளும் கெடுவான். நல்வினைக்கும் முறைவைப்பு வேண்டும். தொண்டு செய்பவருக்கும் உறக்கம், குடும்பம், ஓய்வு உண்டு என்பதை மறந்த சங்கம், தன் தொண்டர்களைத் தின்று தீர்த்துவிடும்.

அண்டை வீட்டார்

நல்வினை நம்மவர் எல்லையோடு நின்றுவிடலாகாது. நின்றால், பழைய சாதிக்குப் புதிய பெயரிட்டதாகவே முடியும். மாஸ்க் ரோட்டில் ஹாஜி சர் இஸ்மாயில் சேட் மசூதி உள்ளது. சற்று நடந்தால் மாதா கோயில்களும் அம்மன் கோயில்களும் உள்ளன. தமிழும் உருதும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. 2020 ஆகஸ்டு 11ஆம் நாள் இரவு, நமக்கு அண்மையிலுள்ள டி.ஜே. ஹள்ளி, கே.ஜி. ஹள்ளிப் பகுதிகளில் கலகம் மூண்டது. தீ எரிந்தது, உயிர்களும் போயின. அதே இரவில் முஸ்லிம் இளைஞர் சிலர், அங்கிருந்த கோயிலொன்றைச் சுற்றிக் கைகோத்து அரணாய் நின்று காத்தனர். தீ வைத்த கைகளை மட்டும் நினைவில் வைப்பவர் ஊரைப் பாதியே அறிந்தவர். ஆபத்து நாளில் கோக்க வேண்டிய கைகள், அமைதி நாளில் ஒன்றையொன்று அறிந்திருத்தல் நலம். அடைபட்ட சாக்கடையைத் திறக்க ஒருங்கே செல்வதும், பக்கத்து வீட்டுத் துக்கத்தில் போய் உட்காருவதும் அவ்வறிமுகத்துக்கு வழிகளாம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, ஒரு குடும்ப ஏடு. தனித்து வாழும் முதியவர் யார், நெடுநாள் நோயாளி யார், படிப்பை நிறுத்திய பிள்ளை யார் என்பது அதில் இருக்கட்டும். பிறர் படிக்கக் கூடாதவை அதில் இருப்பதால், அது பொறுப்புள்ள இருவர் காவலில் இருக்கட்டும். இரண்டாவது, ஒரு முறைப்பட்டியல். மருத்துவமனைத் துணைக்கு, துக்க வீட்டுக்கு, பிள்ளைகளின் மாலைப் படிப்புக்கு, இன்ன வாரம் இன்னார் என்று எழுதிச் சுவரில் ஒட்டப்படட்டும். மூன்றாவது, உதவியைப் படம்பிடித்துப் பரப்புவதை விட்டொழித்தல். நான்காவது, புதிதாய் வந்தவர்க்கு இரண்டாம் வாரமே ஒரு சிறு வேலை. விருந்தாளியாய் அமர்ந்திருப்பவர் விரைவில் எழுந்து போவார். வேலை ஏற்றவர் தங்குவார். ஐந்தாவது, மாதம் ஒரு முறை கூடி, செய்தவற்றுள் எது பயன் தந்தது, எது தரவில்லை என்று முகத்தாட்சண்யமின்றி, ஆனால் இன்சொல்லால் ஆராய்தல்.

இவை சிறியவை என்று எவரேனும் எண்ணலாம். மசலத்து இளைஞர் காலால் தள்ளிய குப்பையும் சிறியதே. தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. பிழைப்பைத் தேடிக் குடும்பங்கள் பல திசைகளிலும் சென்றன. அவ்வாறு எவ்வூரில் போய்க் குடியேறினாலும், நம்முடன் வருவது கட்டடமன்று. சேர்ந்து நல்லது செய்யும் பழக்கமே. அப்பழக்கம் உள்ள மூவர் இருக்கும் தெருவில், ‘தோள் கொடுக்க யார் உளர்?’ என்ற கேள்விக்கு இடமில்லை.

படிப்பு வட்டத்தார் கலந்து பேசுதற்கான வினாக்கள்

1. சேர்த்துப் பிடிக்கும் நான்கினுள் நம் சங்கத்தில் எது மிகுதி? எது குறைவு?

2. சென்ற மூன்று திங்களில் நம்முள் நோயுற்றவர் எவர்? அவரைச் சென்று கண்டவர் எத்தனை பேர்?

3. இன்று ஒருவரே சுமக்கும் பொறுப்பு யாது? அதைப் பகிர்ந்துகொள்ள முன்வருவார் யார்?

4. சகோதரிகள் முடிவெடுக்கும் இடத்தில் உளரா, உழைக்கும் இடத்தில் மட்டும் உளரா?

5. நம் தெருவில் நாம் இன்னும் பெயர் அறியாத அண்டை வீட்டார் எத்தனை பேர்?

விடைகளை ஏட்டில் எழுதி வையுங்கள். ஆறு திங்கள் கழித்து அதே வினாக்களை மீண்டும் கேட்டு, முன்னைய விடைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அனைத்துயிரும் நலம் பெறுக!